கவுன்சிலர் வீட்டுக்காரர்

தூத்துக்குடியில் பெண்ணுரிமைக்காக அதிகம் துடிக்கிறவர் நம் அண்ணாச்சிதான். 2022 மாநகராட்சித் தேர்தலில் தம் வார்டு பெண்களுக்கு என்று வந்தபோது ஒரு ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் மதினிக்கு ஒரு பட்டுச்சேலையும் கட்சி விருப்ப மனுவும் வாங்கி வந்துவிட்டார். துடிப்பு அன்றைக்குத் தொடங்கியது.

ஜெயித்ததும் வைத்த பிளெக்ஸில் மதினி பாஸ்போர்ட் சைஸ். அண்ணாச்சி கும்பிட்டபடி ஆளுயரம். லெட்டர்பேடில் பெயர் மதினியுடையது, செல் நம்பர் இவருடையது. கையெழுத்து யாருடையது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

முத்துக்குளித்த காலத்தில் முங்குகிறவர் ஒருவர், தோணியில் கயிறு பிடிக்கிறவர் ஒருவர். அண்ணாச்சி கயிறு பிடிக்கிறவர்தான். ஆனால் முத்து தம் மோதிரத்தில் இருக்க வேண்டும் என்பார்.

மாமன்றக் கூட்டத்துக்குள் மட்டும் விடமாட்டார்கள். வெளியே டீக்கடையில் உட்கார்ந்து, "வாறுகால் விசயத்துல வாயத் திறக்காத" என்று வாட்ஸ்அப் அனுப்புவார். புளூ டிக் வரும், பதில் வராது.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 2016-லேயே 50 சதவீத இடஒதுக்கீடு வந்தாயிற்று. 2023-ல் அரசியல் சட்டத்தின் 106ஆவது திருத்தம் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் 33 சதவீதம் என்றது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுத்து, தொகுதி பிரித்த பிறகுதானாம். "எப்பம் எண்ணி, எப்பம் பிரிக்க?" என்று அண்ணாச்சி பல்லைக் கடிக்கிறார். 'எம்எல்ஏ வீட்டுக்காரர்' என்று சொல்லிப் பார்த்தாராம், நன்றாகத்தான் இருந்ததாம். 2021-ல் 234 பேரில் 12 பெண்கள்தான் ஜெயித்தார்கள் என்றால் கண் கலங்கிவிடும். அதே தேர்தலில் நாம் தமிழர் கட்சி 117 பெண்களை நிறுத்தி ஒருவரும் கரை சேராததில், அந்த 117 வீட்டுக்காரர்களை நினைத்துத்தான் வருத்தம்.

உள்ளூரிலேயே அவருக்குப் பெரிய சங்கடம். 2021-ல் எம்எல்ஏவாக கீதா ஜீவன், 2024-ல் எம்பியாக மறுபடியும் கனிமொழி. "மனுவ அவங்களே வாங்குதாங்க, அவங்களே கேள்வி கேக்காங்க. பேசி முடிக்க ஆம்பளை ஆளே இல்லயேவே!"

போன வாரம் திரேஸ்புரத்து ஆச்சி ஒருத்தி தண்ணீர் வரவில்லை என்று வாசலில் வந்து நின்றாள். அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு, கையை நீட்டியபடி வெளியே வந்தார்.

"தாயி இல்லையாய்யா?"

"நான் இருக்கம்லா, சொல்லுங்க."

ஆச்சி மனுவை மடியில் செருகிக்கொண்டாள். "தாயி வரட்டும். நீங்க ஒரு செம்பு தண்ணி மட்டும் தாங்கய்யா."