பெரியப்பாவைக் கைது செய்ய முடியாது

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடைப் பையனுக்குத் தெரியாத ரகசியம் தெருவில் கிடையாது. ஆதாரை இணையத்திலிருந்து இறக்கினால் பூட்டிய பி.டி.எஃப். ஆக வரும். திறக்கப் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும் வேண்டும். பையன் பிரிண்டர் சத்தத்துக்கு மேலே குரலெடுத்து, "அக்கா, பொறந்த வருஷம் சொல்லுங்க" என்பான். கட்டின புருஷனிடமே இரண்டு வயது குறைத்துச் சொல்லி வைத்திருப்பவர்கள், வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி உண்மையைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எல்லாரும் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் பிரிண்ட் எடுக்கிறோம். அந்தக் கம்ப்யூட்டர் திரையில் முருகனின் வேல் நுனி மட்டும் தெரியும். மீதி இடமெல்லாம் எங்கள் தெருக்காரர்களின் ஆதார், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம். பையன் தங்கமான பையன். அதனால்தான் பிழைத்துக் கிடக்கிறோம். ஆனால் சரியாக விழாத காப்பிகள் கூடைக்குப் போய், அங்கிருந்து எடைக்குப் போய், கடைசியில் கடலை வண்டிக்கு வந்துவிடுகின்றன. ஒருநாள் பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒரு பெரியவர் ஆதார் போட்டோவிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தார். (ஆதார் போட்டோவில் எல்லாருமே முறைக்கத்தான் செய்கிறோம்.) பெயர், விலாசம், பிறந்த தேதி, பன்னிரண்டு இலக்கம், கூடவே உப்பும் மிளகாய்த்தூளும்.

முதல் எட்டு இலக்கத்தை மறைத்து, கடைசி நான்கை மட்டும் காட்டுகிற ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜில் ரூம் போட அது போதும். கைரேகையையும் அங்கேயே பூட்டி வைக்கலாம். கைரேகையைப் பூட்டுவதாவது என்று சிரிக்காதீர்கள். ஆதார் எண்ணும் விரலும் இருந்தால் ஓ.டி.பி. இல்லாமலே பணம் எடுக்கும் வசதி கிராமங்களில் இருக்கிறது. பத்திரப்பதிவு ஆவணத்திலிருந்து கைரேகையைப் பிரதியெடுத்து அந்த வழியாகப் பணம் உருவிய கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன.

நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் இருக்கிறது. ஒருவர் பெயரில் பொதுவாக 9 வரை அனுமதி. எதிர்வீட்டுக்காரர் போட்டுப் பார்த்தார். தெரியாத நம்பர் ஒன்று இருந்தது. சைபர் திருடன்தான் என்று பதறி அந்த எண்ணுக்கு அடித்தால், "சொல்லுங்க மாமா" என்று எடுத்தது அவருடைய மச்சினன். என்றைக்கோ வாங்கிப்போன அடையாள அட்டை நகல், இன்றைக்கும் உழைத்துக்கொண்டிருந்தது.

ஏமாறுவதில் நமக்கு அனுபவம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. தொண்ணூறுகளில் தேக்கு மரத்தில் பணம் போட்டோம். 2012 வாக்கில் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் போட்டோம். அரிசியை இழுக்கும் இரிடியக் கலசத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். 2014இல் ‘சதுரங்க வேட்டை’ வந்தபோது தியேட்டரில் சிரித்தவர்களில் பாதிப்பேர் சொந்த அனுபவத்தில் சிரித்தார்கள் என்பது என் சந்தேகம். ஆனால் அந்தக் காலத்து மோசடியில் ஒரு மரியாதை இருந்தது. ஏமாற்றுகிறவன் வீட்டுக்கு வருவான், காபி குடிப்பான், உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவான். ஆசைப்பட்டவன் மட்டும்தான் ஏமாந்தான். இப்போது ஆசையே இல்லாதவரையும் விடுவதில்லை. பயம் காட்டிப் பறிக்கிறார்கள்.

"போன மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடவும்" என்று ஒரு குறுஞ்செய்தி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. ராத்திரி ஒன்பதரைக்கு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் நம் ஃபியூஸைப் பிடுங்கப் புறப்படுவாரா என்று யோசிக்க அரை நிமிடம் வேண்டும். அந்த அரை நிமிடத்தைத்தான் நமக்குத் தருவதில்லை. எல்லாமே உடனே. இரண்டு மணி நேரத்தில் சிம் முடங்கும், உடனே ஒன்பதை அழுத்து. மகன் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறான், உடனே பணம் போடு. இந்த வித்தையின் உச்சம் டிஜிட்டல் கைது. வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் ஒருவர் தோன்றி, நீங்கள் கைது, கேமராவை அணைக்கக்கூடாது, வீட்டில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பார். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் ‘மனதின் குரல்’ வானொலிப் பேச்சில் பிரதமரே அதைச் சொன்னார். அதற்குப் பிறகும் டாக்டர்களும் பேராசிரியர்களும் ஆயுள் சேமிப்பை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்கள் பெரியப்பா வானொலி கேட்பதில்லை. தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவசரம் என்று வந்த எவருக்கும் சர்வீஸில் அவர் அசைந்ததில்லை. அவரிடம்தான் ஒருநாள் ‘மும்பை கஸ்டம்ஸ்’ மாட்டிக்கொண்டது. நான் பக்கத்தில் இருந்தேன். போனைப் பிடுங்கப் போனவனைக் கையமர்த்தி உட்காரவைத்துவிட்டார்.

"சார், உங்க பேர்ல தாய்வானுக்கு ஒரு பார்சல் போயிருக்கு. அதுல போதைப் பொருள் இருக்கு" என்றது குரல். நல்ல தமிழ்.

"தாய்வானுக்கா? மன்னார்குடில இருக்கற எங்க அக்காவுக்கு முறுக்கு அனுப்பறதுன்னாகூட, போற ஆள்கிட்டதான் தம்பி குடுத்தனுப்புவேன். இதுக்குக் கூரியர் சார்ஜ் யார் கட்டினது?"

"சார், அது முக்கியமில்ல. உங்க மேல எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு."

"அதெப்படி முக்கியமில்லாம போகும்? எவ்வளவு கட்டியிருக்கு? ரசீது இருக்கா?"

வீடியோவுக்கு வரச் சொன்னார்கள். பெரியப்பாவுக்கு முன் கேமரா, பின் கேமரா வித்தியாசம் பிடிபட்டதில்லை. நெடுநேரம் எங்கள் சீலிங் ஃபேனைத்தான் அவர்கள் விசாரித்தார்கள். திரையில் காக்கி உடுப்பு, பின்னால் தேசியக் கொடி. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"நீங்க டைரக்ட் ரெக்ரூட்டா, புரமோஷன்ல வந்தவரா?"

காக்கிச் சட்டை சத்தம் போட்டது. ‘யூ ஆர் அண்டர் அரெஸ்ட்’ என்றது. பெரியப்பாவுக்குக் கோபம் வரவில்லை. மனு கொடுக்க வந்தவர்கள் கத்துவது அவருக்குப் பழக்கம்.

"சரி, அரெஸ்ட். சம்மனை எழுத்து மூலமா அனுப்புங்க. ரெஜிஸ்டர் தபால்ல, அக்னாலெட்ஜ்மெண்டோட." (ரெஜிஸ்டர் தபாலை 2025இல் ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள் என்று நான் சொன்னதை அவர் இன்றுவரை ஏற்கவில்லை.) "ஃபைல் நம்பர் போட்டு அனுப்புங்க. நகல் யார் யாருக்குன்னு கீழ குறிப்பிடணும்."

கடைசியாக, பணத்தை ‘ரிசர்வ் வங்கியின் சரிபார்ப்புக் கணக்கு’க்கு மாற்றுங்கள், கறுப்பா வெள்ளையா என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவர் ஏரியா.

"கவர்ன்மென்ட்டுக்குப் பணம் கட்டணும்னா செலான் வேணும் தம்பி. எந்த ஹெட் ஆஃப் அக்கவுண்ட்? தப்பான ஹெட்ல கட்டிட்டா ஆடிட்ல அப்ஜெக்‌ஷன் வரும். அப்புறம் ரீஃபண்டுக்கு நான் அலையணும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, நீங்க விசாரிச்சு வைங்க. வியாழக்கிழமைக்கு மேல கூப்பிடுங்க."

இணைப்பு அறுந்தது. பெரியப்பா திரும்ப அடித்தார். போகவில்லை. பிளாக் செய்திருந்தார்கள். "ஆபீஸ் நம்பரையே எடுக்க மாட்டேங்கறான், என்ன டிபார்ட்மென்ட்டோ" என்று சலித்துக்கொண்டு பெரியம்மாவிடம் மோர் கேட்டார்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012இல் ஒரு கட்டுரை எழுதினார். சொத்தில் பங்கு தருவதாக ஆசைகாட்டி மின்னஞ்சலில் வரும் நைஜீரிய இளவரசர் கடிதங்கள் ஏன் இவ்வளவு அபத்தமாக இருக்கின்றன என்பது அவர் கேள்வி. அவர் கண்ட பதில்: சந்தேகப்படுகிறவன் முதல் வரியிலேயே கழன்று கொள்ளட்டும், கடைசி வரை வருகிற ஆள் மட்டும் மிஞ்சட்டும் என்பதற்காகத்தான். திருடனுக்கும் நேரம்தான் முதல். பெரியப்பா தின்றது அந்த முதலை. இதைப் படித்துவிட்டு நீங்களும் பேச்சுக் கொடுக்கப் போக வேண்டாம். அவருடையது சர்வீஸ் முழுக்க எடுத்த பயிற்சி. நமக்கு போனை வைப்பதுதான் சரி.

பெரியம்மாவும் லேசுப்பட்டவரில்லை. பழைய தேக்குக் கட்டில் ஒன்றை விற்க என் தங்கை இணையத்தில் படம் போட்டாள். ‘ராணுவ அதிகாரி’ ஒருவர், கட்டிலைப் பார்க்காமலே சொன்ன விலைக்குச் சம்மதித்து, பணம் அனுப்புகிறேன், க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்றார். தங்கை போனை எடுக்கும்போதே பெரியம்மா தடுத்துவிட்டார். பெரியம்மாவுக்கு யு.பி.ஐ. தெரியாது. பணம் அனுப்பத்தான் பின் வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம் என்ற விதியும் தெரியாது. "பேரம் பேசாம பழைய கட்டில் வாங்கறவன் மனுஷனே இல்லடி" என்றார். அவ்வளவுதான்.

குடும்ப வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வந்தபோதும் அவர்தான் முதலில் கேட்டார்: "பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு ஒண்ணும் இல்லாம இதென்ன பத்திரிகை?" கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்திருந்தது. அது படமல்ல, செயலி. தொட்டு நிறுவினால் போனுக்குள் குடியேறி, வருகிற ஓ.டி.பி.யைப் படித்துவிடும். சாப்பாடே போடாமல் மொய் வாங்குகிற கல்யாணம்.

இவ்வளவு நேரம் நிதானத்தைப் புகழ்ந்தேன். ஒரே ஒரு இடத்தில் பெரியப்பா வழி உதவாது. பணம் போய்விட்டால் அவர் மூன்று நகல் எடுத்து மனு எழுத உட்காருவார். பணம் அதற்குள் வாடகைக்கு எடுத்த கணக்குகளில் கைமாறி, எங்கோ ஒரு ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வந்துவிடும். அப்போது செய்ய வேண்டியது 1930க்கு அடிப்பது. தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. உடனே சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே முடக்கிவிட வாய்ப்பு உண்டு. ஏமாந்த வெட்கத்தில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசித்தால் வாய்ப்பும் எழுந்து போய்விடும். பணம் போகவில்லை, மிரட்டல் அழைப்பு மட்டும்தான் வந்தது என்றால் சஞ்சார் சாத்தியில் ‘சக்‌ஷு’ பகுதியில் அந்த நம்பரைப் பதியுங்கள்.

1930ஐ போனில் சேமித்து வைப்பதோடு விடாதீர்கள். அந்த நேரத்தில் போனே உங்கள் கையில் உங்கள் பேச்சைக் கேட்காமல் கிடக்கலாம். சமையலறைக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். வருடம் பிறந்து காலண்டர் மாற்றும்போது மறுபடி எழுதுங்கள்.