சம்பா கோயிலில் நெல் உண்டா?

கேள்வி: புதுச்சேரி மாதா கோயிலுக்குச் 'சம்பா கோயில்' என்று பெயர் வரக் காரணம்? சம்பா நெல்லா?

பதில்: நெல் இல்லை, பவுல்! கோவாவில் இருந்த புனித பவுல் கல்லூரியை வைத்துச் சேசு சபைச் சாமியார்களைப் 'பவுலிஸ்தர்' என்பது அக்கால வழக்கம். அவர்கள் கட்டியது 'சான் பவுலு' கோயில். நம்மவர் நாக்கில் அது சம்பா ஆயிற்று. முறையான பெயர் ஜென்மராக்கினி மாதா பேராலயம். ஆட்டோக்காரரிடம் சம்பா கோயில் என்றால் போதும்.

கேள்வி: ஜென்மராக்கினி, அமலோற்பவி... இயேசு கன்னியிடம் பிறந்ததைத்தானே சொல்கிறார்கள்?

பதில்: இல்லை. மரியாள் தம் தாய் அன்னம்மாள் வயிற்றில் கருவானதைச் சொல்கிறார்கள். அமலம் மாசின்மை, உற்பவம் கருவாதல். திருவிழா டிசம்பர் 8.

கேள்வி: எத்தனை தடவை இடிந்த கோயில் அது?

பதில்: இப்போது நிற்பது நான்காவது. 1692-இல் கட்டினார்கள், மறுவருடமே ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் இடித்தார்கள். 1699-இல் அவசரமாக எழுப்பியது நிலைக்கவில்லை. 1728-இல் தொடங்கி எட்டு வருடம் பாடுபட்டுப் பெரிதாகக் கட்டியதை, 1761-இல் பிரெஞ்சு ஊரையே தரைமட்டமாக்கிய ஆங்கிலேயர் விட்டுவைக்கவில்லை. இன்றைய கட்டடம் முடிந்தது 1791-இல்.

கேள்வி: முகப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தூண்களின் தலையை. எல்லாம் இரட்டை இரட்டையாக நிற்கும். கீழ்வரிசைத் தூண்களின் தலையில் வேலைப்பாடு அதிகம் இருக்காது. மேல்வரிசையில் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி இருபுறமும் சுருண்டிருக்கும். மிஷன் வீதியில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள் ஒரு நிமிடம் திரும்பி மேலே பார்த்தால் புண்ணியம்.

கேள்வி: பக்கத்தில் சிவன் கோயில் இருந்ததாமே?

பதில்: இருந்தது. வேதபுரீஸ்வரர் கோயில். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகை நேரத்தில், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் ஆட்சி அதை இடித்தது. அதற்காகச் சேசு சபைச் சாமியார்கள் பல காலம் வற்புறுத்தி வந்திருந்தார்கள். டூப்ளேயின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை நெஞ்சு பதைக்க நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பதின்மூன்றே வருடத்தில் மாதா கோயிலும் மண்ணானது.

கேள்வி: அதை இப்போது கிளறுவது மாதா கோயிலுக்கு இழுக்கு அல்லவா?

பதில்: டச்சுக்காரர் இடித்ததைச் சொல்கிற வாய் இதையும் சொல்ல வேண்டும். பாதிக் கதையை மட்டும் சொல்லி அனுப்புவது பார்க்க வருகிறவர்களுக்குச் செய்யும் வஞ்சனை. வேதபுரீஸ்வரர் பின்னாளில் ஊருக்குள்ளேயே வேறிடத்தில் குடியேறிவிட்டார். சம்பா கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம்.