வீட்டுத் திரை விமர்சனம்: திணை, துறை விளக்கம்

தியேட்டரில் படம் பார்ப்பது புறத்திணை. வீட்டில் பார்ப்பது அகத்திணை. இதை எந்த உரையாசிரியரும் எழுதிவைக்காமல் போனதால், வெள்ளிக்கிழமைதோறும் ஓடிடியில் வந்திறங்கும் புதுப்படங்களைப் பற்றி நம் குடும்பங்கள் உதிர்க்கும் பொன்னான கருத்துகள் இலக்கணம் இல்லாமலே காற்றில் போகின்றன. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். நிலம், ஹால். பெரும்பொழுது, படம் தியேட்டருக்கு வந்து நான்கு வாரம் கழிந்த காலம். தமிழ்ப் படங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கணக்கு. இந்திப் படம் என்றால் எட்டு வாரம் பொறுக்கச் சொல்கின்றன தேசிய மல்டிபிளெக்ஸ்கள். 2021 பொங்கலுக்கு வந்த ‘மாஸ்டர்’ பதினாறே நாளில் வீட்டுக்குள் நுழைந்தது விதிவிலக்கு. சிறுபொழுது, ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரம். கருப்பொருள்: மிக்சர், பின்மூடி தொலைந்து ரப்பர் பேண்ட் போட்ட ரிமோட், அக்கா பையனின் பாஸ்வேர்டு. உரிப்பொருள்: குறைசொல்லலும் குறைசொல்லல் நிமித்தமும்.

இந்த உரிப்பொருள் எல்லாக் காலத்திலும் இவ்வளவு முற்றியிருக்கவில்லை. 1980களில் வீடியோ டெக்கையும் கேசட்டையும் வாடகைக்கு எடுத்து, விடிவதற்குள் மூன்று படம் பார்த்தார்கள். காலையில் டெக்கைத் திருப்பித் தர வேண்டும். மூன்றாவது படத்தைக் குறைசொல்ல ஆள் விழித்திருந்ததற்குச் சான்றில்லை. அடுத்து வந்த விசிடியில் ஒரு தட்டுக்கு 74 நிமிடம்தான் அடங்கும். ஆகவே நம் படங்கள் இரண்டு தட்டாகவும், நீளமானவை மூன்றாகவும் வந்தன. கடைசித் தட்டில் கட்டாயம் ஒரு கீறல் இருக்கும். “ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர்” என்ற விமர்சன மரபு இங்கே பிறந்ததாகவே கருதுகிறேன். மீதிப் பாதியைப் பார்த்தவர் எவர்?

திருட்டு விசிடிக்காரர்களை 2004இல் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். தியேட்டரில் கேமராவை ஒளித்துவைத்து எடுத்த அந்தப் பிரதிகளில், நாயகி அழும்போது முன்வரிசைக்காரர் எழுந்து பாத்ரூம் போவார். அவரையும் துணைப் பாத்திரமாக ஏற்றுக்கொண்ட பெருந்தன்மையான ரசிகர்கள் அன்று இருந்தார்கள். 2007இல் மோசர் பேயர் நிறுவனம் அசல் விசிடியை வெறும் 28 ரூபாய்க்கு விற்றபோதுதான் ரசிகர்களிடம் கறார் தலைகாட்டியது.

இங்கே இவ்வாய்வின் மையக் கோட்பாட்டுக்கு வருகிறோம். விமர்சனத்தின் காரம் செலவழித்த காசுக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாவற்றுக்கும் அழுதுவிட்டு வந்தவர் “ஒருதடவ பாக்கலாம்” என்பார். படம் குப்பை என்றால் பணத்தைக் குப்பையில் போட்டது யார் என்ற கேள்வி வரும் அல்லவா? அக்கா பையனின் பாஸ்வேர்டில் பார்ப்பவருக்கு அந்தப் பயம் கிடையாது. “இந்தப் படத்துக்கு எடிட்டர்னு ஒருத்தர் இருந்தாரா?” என்று மிக்சரில் கடலையைப் பொறுக்கியபடி கேட்பார்.

இனித் துறைகள். முதலாவது, துஞ்சல் துறை. குடும்பத் தலைவர் பிளாஷ்பேக் தொடங்கும்போது கண்ணயர்ந்து, கிளைமாக்ஸ் குண்டுவெடிப்பில் விழித்து, “செகண்ட் ஹாஃப் லேக்” என்று தீர்ப்பளிப்பது. தூங்கியவருக்கு லேக் எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது. லேக் இருந்ததால்தானே தூங்கினார்?

இரண்டாவது, வினவல் துறை. படம் தொடங்கி நாற்பது நிமிடம் கழித்து அத்தை வந்து உட்கார்ந்து “இவன் யாரு?” என்பார். பதில் சொல்லும் நேரத்தில் ஒரு வசனம் போய்விடும். பத்து விநாடி பின்னால் தள்ளுவார்கள். “இதைத்தான் இப்பப் பாத்தோமே, என்ன படம் எடுக்குறானுங்க, வந்ததே வருது” என்பார் அத்தை. கல்லூரிப் பையன் இதையெல்லாம் பொறுக்க மாட்டாமல் ரூமுக்குள் போய், செல்போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்து முடித்து, “படம் ரொம்ப அவசரமா ஓடுது” என்று அறிக்கை தருவான்.

மூன்றாவதும் உயர்ந்ததும் கேள்வித் துறை. அம்மா திரையைப் பார்ப்பதே இல்லை. அடுக்களையில் மாவைக் கரைத்துக்கொண்டே வசனத்தை மட்டும் கேட்டு, “அந்த டாக்டர்தான் கொலைகாரன். எவ்ளோ பதமா பேசறான் பாரு” என்பார். நான் அறிந்தவரை இத்துறையினர் தோற்றதில்லை. திரில்லர் எடுப்பவர்கள் இவர்களுக்குப் பயந்தால் போதும்.

இன்னொரு விதி மிச்சமிருக்கிறது: வீடு என்றைக்கும் தியேட்டரின் எதிர்க்கட்சி. தியேட்டரில் விசில் பறந்த படத்துக்கு “இதுக்கா இவ்ளோ பில்டப்பு?” என்றும், படுத்த படத்துக்கு “நல்லாத்தானே இருக்கு, ஏன் ஓடல?” என்றும் ஒரே சோபா ஒரே வாரத்தில் சொல்லும். 2003இல் தியேட்டரில் கைவிடப்பட்ட ‘அன்பே சிவ’த்தைப் பிற்பாடு தூக்கி நிறுத்தியது வீட்டு டிவிதான். ஆக, எதிர்க்கட்சி சில நேரம் சரியாகவும் பேசும்.

ஆய்வு தொடர்கிறது. புதுப்படம் ஒன்றை நடுவில் நிறுத்தாமல், தள்ளாமல், செல்போனைத் தொடாமல், வீட்டில் அனைவரும் சேர்ந்து பார்த்து முடித்த குடும்பம் எங்கேனும் இருந்தால் வாசகர்கள் தெரிவிக்கவும். அத்தையையும் கணக்கில் சேர்த்துச் சொல்லவும்.