கேமராக் கட்சித்தாவல்: வட்டவடைக் குறிஞ்சிக் கணக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்

மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் தாண்டிப் பாம்பாடும் சோலைக்குள் நுழைந்து வெளியே வந்தால் வட்டவடை. இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகா. விளைபொருள்கள்: புவிசார் குறியீடு பெற்ற பூண்டு, பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். பிற்காலத்தில் ஸ்ட்ராபெர்ரி சேர்ந்தது. அதற்கும் பிற்பட்ட காலத்தில் படிக்கட்டு வயல்களின் வரப்பில் கல்யாண ஜோடிகள் விளையத் தொடங்கினர். ஜோடிக்குப் பின்னால் கேமரா வரும். கேமராவுக்குப் பின்னால் அதைவிட நல்ல கேமரா எது என்ற சர்ச்சை வரும். ஆகவே களத் தேர்வு பொருத்தமானதே.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஊரில் பேச்சு தமிழ், ஆபீஸ் மலையாளம். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. ஒரு கம்பெனியின் பாடியில் இன்னொரு கம்பெனியின் லென்ஸை மாட்டி எப்படி வாழ்வது என்பதை வட்டவடைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆய்வு எல்லை

குறிஞ்சித் திணைக்கு உரிப்பொருள் புணர்தல். புதுக் கேமரா வாங்குவதும், அதற்கு முன் மூன்று மாதம் ராத்தூக்கம் கெட்டு விமர்சன வீடியோ பார்ப்பதும் முறையே புணர்தலிலும் புணர்தல் நிமித்தத்திலும் அடங்கும். பழைய கேமராவை விற்பது பிரிதல் என்பதால் பாலைக்கு உரியது. இலக்கணப்படி அதை இங்கே பேசக் கூடாது. விற்காமல் வாங்கப் பணம் இல்லை என்பதால் பேசப்படுகிறது.

தாவல் சட்டமும் அடாப்டரும்

கேனனிலிருந்து நிக்கானுக்கும், நிக்கானிலிருந்து சோனிக்கும், அங்கிருந்து வெட்கத்தோடு மறுபடி கேனனுக்கும் போவதை விளக்க நம் அரசியலைவிடத் தெளிவான மாதிரி ஆய்வாளருக்குக் கிடைக்கவில்லை. 1985-இல் அரசமைப்புச் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்ந்தது. ஒரு உறுப்பினர் தனியாகத் தாவினால் பதவி போகும். மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்து போனால் அது தாவல் அல்ல, இணைப்பு. கேமராவிலும் இதே சட்டம்தான். பாடியை மட்டும் மாற்றினால் லென்ஸ்களின் பதவி போகும். பெரும்பாலான லென்ஸ்களையும் கூடவே கொண்டுபோக முடிந்தால் அது இணைப்பு. அந்த இணைப்புக்குப் பெயர் அடாப்டர்.

ஆனால் அடாப்டர் எல்லாத் திசையிலும் வேலை செய்யாது. லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்ஸார் வரை ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தூரம் வைத்திருக்கிறது. நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் அது 46.5 மில்லிமீட்டர். கேனனின் இஎஃப் மவுண்டில் 44. ஆகவே நிக்கான் லென்ஸைக் கேனன் பாடியில் மாட்ட 2.5 மில்லிமீட்டர் இடம் மிச்சம் இருக்கிறது. அதில் ஒரு தகடு வளையம் போட்டால் போதும். கேனன் லென்ஸை நிக்கான் பாடியில் மாட்ட வேண்டுமானால் அதே 2.5 மில்லிமீட்டர் தூரம் பாடிக்குள்ளே போக வேண்டும். அங்கே மிரர் என்ற கண்ணாடி நிற்கிறது. இரு கட்சிகளுக்கும் இடையே பல ஆண்டுகள் நடந்த சண்டையில் நிக்கான்காரர் கேனனுக்கு லென்ஸோடு போகலாம், கேனன்காரர் நிக்கானுக்கு வெறுங்கையோடுதான் வர வேண்டும் என்ற ஒருவழிப் பாதை இந்த இரண்டரை மில்லிமீட்டரால் அமைந்தது. வரலாற்றாசிரியர்கள் ஆறுகளையும் கணவாய்களையும் பற்றி எழுதியிருக்கிறார்கள். இதையும் எழுதலாம்.

கண்ணாடி இல்லாத கேமராக்கள் வந்ததும் தூரங்கள் சுருங்கின. கேனன் ஆர்எஃப் 20 மில்லிமீட்டர், சோனி ஈ 18, நிக்கான் இசட் 16. இப்போது சோனி லென்ஸை நிக்கான் இசட்டில் மாட்ட 2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு வளையம் விற்கிறார்கள். ஒருவழிப் பாதை அப்படியே தலைகீழாகி, யாவரும் நிக்கானுக்கு வரலாம் என்றாயிற்று. அத்தனை பேரும் வந்துவிட்டார்களா என்பது வேறு ஆய்வேட்டுக்கு உரியது.

வலம்புரி, இடம்புரி

கேமரா முகத்தை நம் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தால் கேனனிலும் சோனியிலும் லென்ஸை வலப்பக்கமாகத் திருகினால் பூட்டிக்கொள்ளும். நிக்கானில் இடப்பக்கமாகத் திருக வேண்டும். ஃபோகஸ் வளையமும் எதிர்த்திசை. பழைய நிக்கான்களில் வெளிச்ச அளவுகோலில்கூடக் கூட்டல் குறி இடப்பக்கம், கழித்தல் வலப்பக்கம். வெளிச்சத்தைக் கூட்டுவதாக நினைத்துக் குறைத்து, கறுத்துப்போன முகூர்த்தப் படங்கள் பல குடும்பங்களில் இன்றும் உண்டு.

இதை டாப் ஸ்டேஷனில் விடிகாலையில் கவனிக்க வேண்டும். கட்சி மாறிப் புதிதாக வந்தவர் கீழே பள்ளத்தாக்கில் மேகம் கிடப்பதைப் பார்த்துப் பெரிய லென்ஸை மாட்டப் போகிறார். விரல் மரத்திருக்கிறது. வெள்ளைப் புள்ளியை வெள்ளைப் புள்ளியோடு சேர்த்துவிட்டார். திருகுகிறார். நகரவில்லை. பதினைந்து வருஷமாகப் பழகிய மணிக்கட்டு பழைய திசையிலேயே போகிறது; மூளை புதுத் திசையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் ஜீப் டிரைவர், “அண்ணே, அந்தப் பக்கம் திருகுங்க” என்கிறார். ஒரு சீசனுக்கு எத்தனையோ கேமராக்களைப் பார்ப்பவர் அவர். அதற்குள் மேகம் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. மாறுதலின் செலவுகளில் இது மட்டும் எந்தக் கடையின் பில்லிலும் வராது.

கருதுகோள்: குறிஞ்சி விதி

இனி ஆய்வின் உயிர்நாடி. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்துச் செத்துவிடும் செடி. இந்த மலைகளில் அது பூத்த ஆண்டுகளாக 1838 தொடங்கி 1850, 1862 என்று பன்னிரண்டு பன்னிரண்டாக 2018 வரை பட்டியல் இருக்கிறது. பளியர்கள் வயதைக் குறிஞ்சி பூத்த கணக்கில் சொல்வார்கள் என்பார்கள். கேமராவின் வயதையும் அப்படியே கணக்கிட வேண்டும் என்பதும், ஒவ்வொரு பூப்பிலும் ஒரு கேமரா யுகம் முடிகிறது என்பதும் ஆய்வாளரின் கருதுகோள். தரவுகள் வருமாறு.

1838: பாரிஸில் டகேர் ஒரு தெருவைப் படம் எடுத்தார். நெடுநேரம் எடுத்ததால் நடந்து போனவர்கள் ஒருவரும் விழவில்லை. பூட்ஸுக்குப் பாலிஷ் போட நின்ற ஒரு மனிதர் மட்டும் விழுந்தார். புகைப்படத்தில் அகப்பட்ட முதல் மனிதர் அவர்தான் என்கிறார்கள். 1934: ஜப்பானில் குவானன் என்ற மாதிரிக் கேமரா உருவானது, பின்னாளில் கேனன். அதே ஆண்டில் ஃபியூஜி கம்பெனி தொடங்கியது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமைக் கோடாக் சின்ன டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். 1946: பின்னாளில் சோனி ஆன கம்பெனி டோக்கியோவில் பிறந்தது. 1982: பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும் நிக்கான் எஃப்எம்2. 1994: அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காக நிக்கான் பாடியில் கோடாக் டிஜிட்டல் சாதனத்தைப் பொருத்திக் கொடுத்தது.

2006-ஐப் பாருங்கள். ஜனவரியில் நிக்கான் தன் ஃபிலிம் கேமராக்களில் இரண்டொன்றைத் தவிர மற்றவற்றை நிறுத்துவதாக அறிவித்தது. அதே மாதம் கொனிகா மினோல்டா தன் கேமராக் கடையை மூடி, தன் எஸ்எல்ஆர் தொழிலைச் சோனியிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டில்தான் வட்டவடை, கொட்டக்கம்பூர் கிராமங்களில் குறிஞ்சிமலை சரணாலயத்தைக் கேரள அரசு அறிவித்தது. ஃபிலிமுக்குச் சரணாலயம் அறிவிக்க யாரும் இல்லை.

2018 இன்னும் கச்சிதம். குறிஞ்சி பூக்க வேண்டிய ஆகஸ்டில் வெள்ளம் வந்தது. மூணாறு-மறையூர் சாலையில் பெரியவரைப் பாலம் போய்விட்டது. பூவைப் பார்க்க வரவிருந்த கூட்டம் அங்கங்கே நின்றுவிட்டது. அந்த ஆகஸ்ட் 23-ஆம் தேதி நிக்கான் தன் இசட் கேமராக்களை அறிவித்தது. செப்டம்பர் 5-ஆம் தேதி கேனன் ஈஓஎஸ் ஆர். சோனி பிப்ரவரியிலேயே ஏ7 மூன்றாம் பதிப்பைச் சொல்லி முந்திக்கொண்டது. அந்தப் பூப்புக்கென்று கடன் வாங்கிக் கண்ணாடி வைத்த பெரிய கேமரா வாங்கியவர்கள், பாலம் சரியாகி மலை ஏறி வந்தபோது பழைய கட்சியில் இருந்தார்கள்.

மறுதரவுகளும் உண்டு என்று சிலர் சொல்லலாம். நிக்கான் எஃப் வந்தது 1959, பூத்தது 1958. கேனனின் எஃப்டி மவுண்ட் 1971, பூத்தது 1970. இவை ஓராண்டுப் பிசகு. மழை தாமதித்தால் பூவும் தாமதிக்கும். 1985-இல் மினோல்டா 7000 வந்து தானியங்கி ஃபோகஸைப் பரப்பியது. 1987-இல் கேனன் தன் எஃப்டி லென்ஸ்காரர்களை நடுத்தெருவில் விட்டுப் புது மவுண்டுக்குப் போனது. இரண்டும் எந்தப் பூப்புக்கும் பக்கத்தில் இல்லை. இவ்வாண்டுகளை ஆய்வாளர் கண்டுகொள்ளவில்லை. முனைவர் பட்ட ஆய்வுகளில் இதற்கு முன்னுதாரணங்கள் ஏராளம்.

நன்மைகள்

நீலகிரி மார்ட்டன் என்று ஒரு பிராணி பாம்பாடும் சோலையில் உண்டு. கரும்பழுப்பு உடல், மஞ்சள் தொண்டை. ரோட்டைக் கடக்க அதற்கு ஒரு நொடி போதும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் புது ஃபோகஸ் அந்த ஒரு நொடியில் வேலை செய்யும். மஞ்சில் பாதி மறைந்த மணப்பெண்ணின் கண்ணையும் பிடிக்கும். எடையும் குறையும். நன்மைகள் இவ்வளவே. மற்றவை விளம்பரம்.

செலவு: பூண்டுக் கணக்கு

ரூபாயில் சொன்னால் இழப்பு உறைக்காது. கடன் அட்டை அந்த உணர்வைக் கொன்றுவிட்டது. களத்துக்கு ஏற்ற அலகு பூண்டு. கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லட்ச ரூபாய் லென்ஸ் ஏறக்குறைய 667 கிலோ பூண்டு. செகண்ட்ஸில் பாதி விலைக்குப் போனால் 333 கிலோ பூண்டைப் பள்ளத்தில் கொட்டியாயிற்று. இதைப் பூண்டு விளைவித்தவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். மண் அணைத்து, களை பறித்து, காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்து, பிடுங்கி, தாளோடு கட்டித் தொங்கவிட்டு உலர்த்தியவர் முகத்தில் தோன்றுவதே இத்துறையில் இதுவரை வெளிவந்த ஆகச் சிறந்த மதிப்புரை.

உதிரிகள் தனி. பேட்டரி மூன்று, சார்ஜர், ஃப்ளாஷ், ரிமோட், சில சமயம் மெமரி கார்டுகூட. கட்சி மாறியவர் வேட்டிக் கரையையும் மாற்ற வேண்டும்.

பூஞ்சை இயல்

வட்டவடை மஞ்சும் ஈரமும் கண்ணாடிக்குப் பகை. செகண்ட்ஸ் கடைக்காரர் லென்ஸைக் கையில் வாங்கியதும் பெயரைப் பார்க்க மாட்டார். அபெர்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து, நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பார். உள்ளே ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகக் கிளை விட்டிருந்தால் பேச்சு முடிந்தது. விலையில் பாதி அங்கேயே போச்சு. பூஞ்சைக்குக் கட்சி கிடையாது. ஜெர்மன் கண்ணாடியிலும் வளரும், ஜப்பான் கண்ணாடியிலும் வளரும். எத்தனையோ பேர் கட்சி மாறுவதற்கு உண்மைக் காரணம் இதுதான் என்பது கள ஆய்வில் வெளிப்பட்டது: படம் மங்கலாக வருகிறது, ஆகவே கம்பெனி சரியில்லை. ஐம்பது ரூபாய் சிலிக்கா ஜெல் பொட்டலத்தில் தீரும் சிக்கலுக்கு 667 கிலோ பூண்டு.

இன்னொன்று. குளிரில் இருந்த கேமராவை அப்படியே டீக்கடை அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈரம் கண்ணாடியில் படியும். பையை மூடி வைத்துச் சூடு ஏறிய பிறகு திறக்க வேண்டும். கேமராப் பையைத் திறந்துகொண்டே டீ குடிப்பவர்கள் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறார்கள்.

ஆய்வு முடிபு

அடுத்த பூப்பு 2030. குறிஞ்சி விதி சரியென்றால் இப்போது எந்தக் கட்சிக்குத் தாவினாலும் அந்த ஆண்டு எல்லாரும் மறுபடி தாவ வேண்டியிருக்கும். விதி தப்பென்றாலும் காத்திருந்ததில் பூண்டு மிச்சம். ஆகவே கையில் இருப்பதையே வைத்துக்கொள்ளலாம். மார்ட்டனைத் தேடிப் போகிறவர்களுக்கும் கல்யாணத்தால் வயிறு வளர்ப்பவர்களுக்கும் மட்டும் விலக்கு.

மாறியே தீருவேன் என்பவர்கள் ஆடி கடைசியில் விற்கப் பாருங்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் ஸ்டூடியோக்காரர்கள் செகண்ட்ஸ் தேடும் நேரம் அது. வாங்கிய பில்லையும் டப்பாவையும் வாரண்டி அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். டப்பா இல்லாத கேமராவுக்குச் செகண்ட்ஸ் கடையில் விலை குறைவு.