பாம்பின் விரதம்

கேள்வி: என் மகன் வளர்க்கும் பால் பைத்தான் (ball python) பாம்பு ஒன்றரை மாதமாக எலியைத் தொடவே இல்லை. என்ன செய்வது?

பதில்: பெற்ற வயிறு பதறும், பாம்பின் வயிறு பதறாது! வளர்ந்த பால் பைத்தான் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் விரதம் இருக்கும். வாராவாரம் எடை போடுங்கள். மெலிந்தால் மட்டும் ஊர்வன பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

முதலில் கூண்டைக் கவனியுங்கள். ஒரு ஓரம் 32 டிகிரி, மறு ஓரம் 26 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். இரண்டு ஓரத்திலும் உடம்பு உரசுமளவு இறுக்கமான பொந்து வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் எலி வளைக்குள் சுருண்டு கிடந்த பரம்பரை அது. வெட்டவெளியில் சாப்பாடு இறங்காது. கண் நீலம் பாரித்திருந்தால் சட்டை உரிக்கப்போகிறது, அப்போதும் வாய் திறக்காது. உறையவைத்த எலியை முழுதாக உறைநீக்கி, வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி, அந்தி சாய்ந்ததும் இடுக்கியால் நீட்டுங்கள். விழுங்கினால் 2 நாள் கையில் எடுக்காதீர்கள்.

ஆயுசும் கெட்டிதான்: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில், 62 வயதாவது இருக்கும் என்று கணிக்கப்பட்ட பால் பைத்தான் 2020-ல் முட்டையிட்டது. மகன் கல்யாணப் பந்தியில் உங்கள் வீட்டுப் பாம்புக்கும் ஓர் இலை ஒதுக்கிவையுங்கள்!