சார்ட் சொன்னால் சரிதான்: ஜவ்வாது மலைக்கான தரவு வழிகாட்டி

சூப்பர்செட், மெட்டாபேஸ், கிராஃபனா என்று எந்த டாஷ்போர்டு மென்பொருளானாலும் சரி, நாலு கிளிக்கில் சார்ட் வந்துவிடும். நீங்கள் கிளிக் செய்யும்போது பின்னணியில் மென்பொருளே ஒரு எஸ்க்யூஎல் க்வெரி எழுதி டேட்டாபேஸுக்கு அனுப்புகிறது. அந்தக் க்வெரியைக் கடைசிவரை படிக்காமலே காலத்தை ஓட்டுவது எப்படி என்று கற்றுத்தருவதே இந்த வழிகாட்டி. பயிற்சிக்கு ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். இந்த வேலைக்கு இதைவிட வாகான மலை அமையாது.

1. ஒரு மலையைப் பல மலையாக்குங்கள்

ஜவ்வாது, ஜவாது, ஜவாதி, ஜவ்வாதுமலை என்று இந்தப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைச் சேர்த்தால் பட்டியல் இன்னும் நீளும். க்வெரியில் ஒரே பெயருள்ள வரிசைகளைத் தொகுக்கும் ‘க்ரூப் பை’க்கு இவை அத்தனையும் வேறு வேறு மலைகள். ஒவ்வொன்றுக்கும் சார்ட்டில் தனிப் பட்டை எழும். பெயர்களைச் சீர்செய்ய ஒரு மதியம் போதும். ஆனால் மதியம் மீட்டிங் இருக்கிறது. பட்டைகளுக்கு வேறு வேறு நிறம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

2. மாவட்டத்தைச் சத்தமில்லாமல் தொலையுங்கள்

இந்த மலை இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில், காவலூர் திருப்பத்தூரில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ திருப்பத்தூர் மாவட்டமே கிடையாது. அது வேலூரிலிருந்து பிரிந்தது 2019 நவம்பரில்தான். 2011 அட்டவணையை இன்றைய மாவட்டப் பட்டியலோடு ‘இன்னர் ஜாயின்’ செய்யுங்கள். ஜோடி கிடைக்காத திருப்பத்தூர் எந்த எரர் மெசேஜும் இல்லாமல் உதிர்ந்துவிடும். கூடுதல் பலன்: பழைய வேலூரின் மொத்த ஜனமும் இன்றைய குட்டி வேலூரின் பரப்பளவுக்குள் வந்து நெருக்கியடித்து நிற்கும். இன்றைய பட்டியலை முதலில் வைத்து ‘லெஃப்ட் ஜாயின்’ செய்யும் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது திருப்பத்தூருக்கு நேரே காலி இடத்தைக் காட்டும். காலி இடத்தைப் பார்த்தால் மேலதிகாரிகூட கேள்வி கேட்பார்.

3. யாரும் பிறக்காமல் மக்கள்தொகையைக் கூட்டுங்கள்

ஒரு மலைக்கிராமத்தில் 400 பேர் என்று வையுங்கள். அங்கே பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை என மூன்று வசதிகள். கிராம அட்டவணையை வசதி அட்டவணையோடு இணைத்தால் அந்த ஊர் மூன்று வரிசையாக வரும். 400 என்ற எண்ணும் மூன்று முறை வரும். ‘சம்’ போட்டால் 1,200. தலைக்கு எவ்வளவு அரிசி என்று கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். விவரம் தெரிந்த யாராவது முகம் சுளித்தால், உடனே ‘சம் டிஸ்டிங்க்ட்’ என்று மாற்றிவிடுங்கள். எண் குறையும், அவரும் சமாதானமாவார். பக்கத்து ஊரிலும் சரியாக 400 பேர் இருந்தால் அந்த ஊரே கணக்கிலிருந்து காணாமல் போயிருக்கும். அதை அவர் கவனிக்கமாட்டார்.

4. எதையும் சராசரியாக்குங்கள்

1977 மார்ச் 10 அன்று காவலூர் வானாய்வகத்தில் ஒரு மீட்டர் தொலைநோக்கி வழியாக ஒரு விண்மீனைக் கண்காணித்தார்கள். யுரேனஸ் அந்த விண்மீனை மறைக்கப் போகிற நேரம் அது. கோள் நெருங்கும் முன்பே வெளிச்சம் சில விநாடிகள் மங்கி மீண்டது. அதைப் பதிவுசெய்த பட்டாச்சார்யாவும் குப்புசாமியும், யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் இருக்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே மறைப்பை வேறு இடங்களிலிருந்து பார்த்தவர்களின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, அது யுரேனஸின் வளையம் என்று தெளிவாயிற்று. இவ்வளவு தொல்லையும் எதனால்? விநாடிக் கணக்கு பார்த்ததால். அன்று ‘மணிக்கு ஒரு சராசரி’ என்று டீஃபால்ட்டில் விட்டிருந்தால், 3,600 விநாடிக்குள் அந்தச் சரிவு கரைந்து கோடு நேராகப் போயிருக்கும். வளையமும் இல்லை, வம்பும் இல்லை.

5. ராத்திரியை இரண்டாக வெட்டுங்கள்

இந்திய நேரப்படி தேதிவாரியாகப் பிரித்தால், காவலூரில் ஒரே இரவில் எடுத்த பதிவுகள் நள்ளிரவில் இரண்டு தேதியாகிவிடும். யூடிசி நேரத்தில் பிரித்தால் அந்த வெட்டு விடிகாலை 5.30க்கு விழும். வானியலாளர்கள் நாள்களுக்கு வரிசையாக எண் கொடுக்கும் ‘ஜூலியன் நாளை’க் கிரீன்விச் நண்பகலில் தொடங்குகிறார்கள். அது காவலூரில் மாலை 5.30. முழு இரவும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். இப்படி யோசித்துச் செய்வது நமக்குத் தோதுப்படாது. அட்டவணையை யூடிசியிலும், ஃபில்ட்டரை இந்திய நேரத்திலும், சார்ட்டை, பார்க்கிறவரின் பிரவுசர் நேரத்திலும் விட்டுவிடுங்கள். இரவுக்கு எத்தனை பதிவு என்பதை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள்; விவாதம் களைகட்டும்.

6. செய்யவே கூடாதவை

சூப்பர்செட்டில் ‘வியூ க்வெரி’, கிராஃபனாவில் ‘க்வெரி இன்ஸ்பெக்டர்’ என்று மெனுவில் ஒளிந்திருக்கும் வாசல்களைத் திறக்காதீர்கள். ஜாயின்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் ‘கவுண்ட்’ போட்டு, வரிசைகள் எங்கே பெருகின, எங்கே உதிர்ந்தன என்று பார்க்காதீர்கள். மெட்டாபேஸ் தொகுக்காத வரிசைகளில் முதல் 2,000ஐ மட்டும்தான் திரையில் காட்டும் என்பதை நினைவில் வைக்காதீர்கள். முக்கியமாக, நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு ஊரை எடுத்து, விரல்விட்டு எண்ணி, சார்ட்டோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். இதையெல்லாம் செய்தால் தப்பு எங்கே என்று நிச்சயம் தெரிந்துவிடும். அப்புறம் போன வருஷம் இதே சார்ட்டை வைத்து அனுப்பிய அறிக்கைகளுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.