பழியைப் பங்கிட்ட சிநேகம்

கேள்வி: எதிரெதிர்க் கட்சித் தலைவர்களின் சிநேகத்தால் ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்?

பதில்: 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிதி வற்றி, முதியோரின் ஓய்வூதியமே தடைப்படுமோ என்று தேசம் அஞ்சியபோது, பகலெல்லாம் பகிரங்கமாகச் சண்டையிட்டும் மாலை ஆறு மணிக்குமேல் சிநேகிதர்களாயிருக்கலாம் என்ற சம்பிரதாயத்தைப் பேணிய ஜனாதிபதி ரீகனும் சபாநாயகர் டிப் ஓநீலும், ஆளுக்கொரு கசப்பு மருந்தை அருந்தச் சம்மதித்தார்கள். வரியை வெறுத்த ரீகன் வரி உயர்வுக்கும், சலுகைக் குறைப்பை வெறுத்த ஓநீல் விலைவாசிக்கேற்ற ஓய்வூதிய உயர்வை ஆறு மாதம் ஒத்திவைப்பதற்கும் இசைந்தார்கள். முழு ஓய்வூதிய வயதும் 65-லிருந்து 67-க்குப் படிப்படியாக உயருமென்று அந்த இசைவில் பிறந்த சட்டம் விதித்தது. முதியோரின் ஜீவனம் காப்பாற்றப்பட்டது. புகழைப் பங்கிட எவரும் வருவார்கள்; பழியைப் பங்கிட்டுக்கொள்ளச் சிநேகிதனே வேண்டும், அவன் எதிர்க்கட்சியில் இருப்பது தேசத்தின் பாக்கியம்.